காரில் சுற்றிப் படம் தேடுவது எப்படி: கிளம்புவது முதல் திரும்புவது வரை

நாள் முழுக்கக் கார் ஓட்டிவிட்டு, கேமராவை உறையிலிருந்து எடுக்காமலேயே வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால், "வழியில் ஒன்றும் சிக்கவில்லை" என்பார்கள். பெரும்பாலும் அது சரியில்லை. சிக்கத்தான் செய்தது. ஆனால் இது என்ன என்று மனசில் பதிவதற்குள் வண்டி தாண்டிவிட்டது, பின்னால் லாரி ஹாரன் அடித்தது, கேமரா டிக்கியில் கிடந்தது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது. காரில் போய்ப் படம் எடுப்பதில் பாதி வேலை, நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிற மாதிரி பயணத்தை அமைத்துக்கொள்வதுதான். கண்ணும் கேமராவும் மீதிப் பாதி. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன. கையில் பெரிய கேமரா இருந்தாலும் செல்போன் மட்டும் இருந்தாலும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

1. எதைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"நல்ல காட்சி எது வந்தாலும் எடுப்பேன்" என்று கிளம்பினால் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒரு மணி நேர ஓட்டத்தில் ஆயிரம் பொருள்கள் கடந்துபோகின்றன. எல்லாவற்றையும் எடை போடுவது மூளைக்கு ஆகாத காரியம். ஒன்றிரண்டை மட்டும் தேடச் சொல்லிப் பாருங்கள். அது தானாகவே வடிகட்ட ஆரம்பிக்கும். தனியாக நிற்கும் மரங்கள், கைவிடப்பட்ட பேருந்து நிழற்குடைகள், கையால் எழுதிய விளம்பரப் பலகைகள், பாலத்தின் அடிப்பகுதிகள், தண்ணீர்த் தொட்டிகள், மூடிக் கிடக்கும் தொழிற்சாலை வாசல்கள், வயலுக்கு நடுவே ஒற்றைக் கதவு. இப்படி எதுவாகவும் இருக்கலாம். சாதாரணமாகத் தெரிகிற பொருளே நல்லது. அடிக்கடி எதிர்ப்படும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1950-களின் கடைசியில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இதைத்தான் செய்தார்கள். தண்ணீர்க் கோபுரங்கள், சுரங்க வாயில் கோபுரங்கள், இரும்பு உருக்கும் ஊது உலைகள் என்று ஒவ்வொரு வகையையும் தேடித் தேடிப் போய், மேகமூட்டமான சாம்பல் வானத்தின் கீழ், நேருக்கு நேராக, ஏறக்குறைய ஒரே அளவில் படம் எடுத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சலிப்பூட்டுகிற படங்கள். கட்டம் கட்டமாக அடுக்கி வைத்தபோது ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனி முகம் இருப்பது தெரிந்தது. 1990-ல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்தது சிற்பத்துக்கான தங்கச் சிங்க விருது. அமெரிக்கக் கலைஞர் எட் ருஷே 1963-ல் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையங்களின் 26 படங்களை மட்டும் வைத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இரண்டு தரப்பு விஷயத்திலும் பொருள் ஒன்றும் அபூர்வம் இல்லை. ஒரே வகையை விடாமல் சேர்த்ததில்தான் சுவாரஸ்யம் வந்தது.

பட்டியலில் இரண்டு அல்லது மூன்று வகை போதும். அதற்கு வெளியே ஏதாவது கண்ணில் அறைந்தால் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உண்மையில் கண் ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போதுதான் மற்றதும் அதில் விழும்.

2. வரைபடத்தில் சாலையைத் தேர்ந்தெடுங்கள்

வழிகாட்டிச் செயலி காட்டும் வேகமான பாதை படம் எடுக்கிறவருக்கு ஏறக்குறைய எப்போதுமே தவறான பாதை. நாலு வழிச் சாலையில் நிறுத்த முடியாது. தடுப்புச் சுவரைத் தாண்டி எதுவும் தெரியாது. திரும்புவதற்குப் பல கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கு இணையாக ஒரு பழைய சாலை பெரும்பாலும் ஓடும். புது நெடுஞ்சாலை வருவதற்கு முன்பு எல்லாரும் போய்வந்த சாலை அது. பழைய கடைகள், மைல்கற்கள், பாலங்கள், பெரிய மரங்கள் எல்லாம் அங்கேதான் மிச்சம் இருக்கும். செயலியில் நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, போகப்போகும் பகுதியை நிதானமாகப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை: சாலை ஆற்றைக் கடக்கிற இடம், ரயில் பாதையைக் கடக்கிற இடம், ஏரிக்கரையை ஒட்டிப் போகிற துண்டு, நிலத்தின் நிறம் சட்டென மாறுகிற எல்லை. காடு வயலாகிற இடத்திலும் ஊர் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்திலும் எப்போதும் ஏதாவது கிடைக்கும். உயரக் கோடுகள் உள்ள வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்தான சரிவு என்று அர்த்தம். சரிவின் உச்சி வழியாகப் போகும் சாலையிலிருந்து கீழே விரிந்து பார்க்கலாம். சரிவின் அடியில் போகும் சாலைக்கு வெயில் தாமதமாக வரும், சீக்கிரம் போய்விடும்.

சாலை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வடக்கு தெற்காக ஓடும் சாலையில் காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழும். சுவரின் சொரசொரப்பும் மரத்தின் வடிவமும் எடுப்பாகத் தெரிய அதுதான் வேண்டும். கிழக்கு மேற்குச் சாலையில் காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓட்டினால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். எதிரே உள்ளவை முழு வெளிச்சத்தில் தெரியும், கண்ணும் கூசாது. புழுதி, மூடுபனி, புல்லின் ஓரங்கள் எல்லாம் ஒளிர வேண்டுமானால் எதிர்த்திசை நல்லது. ஆனால் தாழ்ந்த சூரியன் ஓட்டுபவரின் கண்ணைப் பறிக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகும்போது வேகத்தைப் பாதியாக்குங்கள்.

"காட்சிமுனை" என்று பலகை வைத்த இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எல்லாரும் ஒரே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஒரே படத்தை எடுக்கிறார்கள். எனக்கு அவை வண்டி நிறுத்தும் இடமாகப் பயன்படும். நிறுத்திவிட்டு, வந்த சாலையிலேயே பத்து நிமிஷம் பின்னோக்கி நடந்தால் பலகை வைக்காத காட்சி ஒன்று கிடைத்துவிடும்.

3. நாளை வெளிச்சத்தின்படி பிரியுங்கள்

காலை, மாலை வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். காரில் போகிறவருக்கு வரும் கேள்வி வேறு: அந்த நேரத்தில் எங்கே இருப்பது? பகல் முழுக்கத் தேடிவிட்டு, நல்ல வெளிச்சம் வரும்போது எங்கேயோ போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். விடிவதற்கு முன்பே முதல் இடத்தில் இருங்கள். அது முன்பே தெரிந்த இடமாக இருக்கட்டும். வெயில் ஏறும் வரை அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டு நகர வேண்டாம். நடுப்பகலை நீண்ட தூரம் ஓட்டுவதற்கும் தேடுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் பார்த்த இடம் படமாக வராவிட்டாலும், மாலையில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட முடியும். மாலையில் புதிதாக எதையும் தேடாதீர்கள். பகலில் குறித்து வைத்த இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.

கணக்கு எளிது. சூரியன் வானத்தில் மணிக்குச் சுமார் 15 பாகை நகர்கிறது. செல்போனில் உள்ள திசைகாட்டியைச் சுவருக்கு நேராகப் பிடித்து, அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டால், அதன்மேல் வெயில் எப்போது விழும் என்று ஊகித்துவிடலாம். போட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலிகள் இதையே கேமராத் திரையில் கோடு போட்டுக் காட்டும். செயலி இல்லாவிட்டால் கையை முழுக்க நீட்டி, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்குத் தோராயமாகப் பதினைந்து நிமிஷம். சூரியன் ஏறக்குறைய நேராக இறங்கும் நிலநடுக்கோட்டுப் பகுதிக்கு இது நன்றாகப் பொருந்தும். வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப் போகச் சூரியன் சாய்ந்து இறங்குவதால் நேரம் கூடும். மஞ்சள் வெளிச்சம் நீடிக்கும் அளவும் அதே காரணத்தால் இடத்துக்கு இடம் மாறும். சூரியன் மறைந்த பிறகு அது தொடுவானத்துக்கு 6 பாகை கீழே போகும் வரை வானத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது இருபது, இருபத்திரண்டு நிமிஷம் போல. துருவங்களை நோக்கிப் போகப் போக நீளும். அந்த நேரத்தில் வீட்டு விளக்குகளும் கடை விளக்குகளும் வானத்தோடு சமமாகத் தெரியும். பெரும்பாலானவர்கள் அப்போதுதான் கேமராவை மூட்டை கட்டுகிறார்கள்.

இன்னொன்று. செயலி சொல்லும் பயண நேரத்தோடு குறைந்தது அதே அளவு நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு தங்கும் இடத்துக்கு இத்தனை மணிக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், ஒவ்வொரு நல்ல காட்சியும் ஒரு தொந்தரவாகத்தான் தெரியும்.

4. காருக்குள் ஏற்பாடு

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று காரில் போகும்போது கிடைத்தது. 1941 நவம்பர் 1-ஆம் தேதி, நியூ மெக்சிகோவில், அவ்வளவு சரியாகப் போகாத ஒரு நாளின் முடிவில் சாண்டா ஃபே நகரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா ஏறியிருந்தது. கீழே கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில். வண்டியை அவசரமாக ஓரங்கட்டி, பெரிய கேமராவை நிறுத்தியபோது, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியைக் காணவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. எந்த நாளில் எடுத்தோம் என்பதே பின்னாளில் அவருக்குத் தெளிவாக நினைவில்லை. வானியலாளர்கள் நிலாவின் இடத்தை வைத்துக் கணக்கிட்டுத்தான் தேதியைக் கண்டுபிடித்தார்கள்.

ஒளிமானி தேடுகிற பிரச்சினை இன்று நமக்கு இல்லை. ஆனால் அவருக்கு இருந்த அந்த ஓரிரு நிமிஷம்தான் நமக்கும் கிடைக்கிறது. எனவே கேமரா கைக்கு எட்ட வேண்டும். மடியிலோ டாஷ்போர்டின் மேலோ வைக்காதீர்கள். திடீரென பிரேக் போட்டால் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். பக்கத்து இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில், மேல் திறந்த பை ஒன்றில் வைப்பது நல்லது. ஒரே லென்ஸ் மாட்டுவதாக இருந்தால் 24-105 மி.மீ. போன்ற ஜூம். இரண்டாவது லென்ஸ் 70-200 அல்லது அதற்கு மேல். சாலையிலிருந்து நெருங்க முடியாத இடங்கள் நிறைய இருக்கும். கேமராவை எந்த நேரமும் எடுத்தவுடன் சுடுகிற அமைப்பில் விட்டுவையுங்கள்: அபர்ச்சர் முன்னுரிமை (லென்ஸ் துளையின் அளவை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), துளை அளவு எஃப் 8 அல்லது எஃப் 5.6, தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும்), குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 நொடி. முந்தைய இரவில் நட்சத்திரம் எடுத்த அமைப்பிலேயே கேமரா கிடந்தால் காலையில் வரும் முதல் படம் வெள்ளைக் காகிதமாகத்தான் இருக்கும்.

ஏசியால் வரும் தொல்லையையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த காரிலிருந்து ஈரப்பதமான சூட்டில் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். இடத்தை நெருங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். குளிர்காற்று வரும் துவாரத்துக்கு நேராகக் கேமராவை வைக்காதீர்கள். பூட்டி வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராவையும் பேட்டரியையும் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, திருடனுக்கும் வசதி.

மற்றவை சுருக்கமாக: கார் சார்ஜர், கூடுதல் மெமரி அட்டை, நல்ல டார்ச், பளிச்சென்று தெரியும் மேற்சட்டை, நீளமான பேன்ட், பழைய ஷூ, உட்கார ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தானியமோ மணலோ நிரப்பிய ஒரு துணிப்பையும் வேண்டும். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

5. ஓடும்போது பார்க்கிற விதம்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 16, 17 மீட்டர் போகிறது. "அதோ பார்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஐம்பது மீட்டர் தாண்டியாயிற்று. 30 கி.மீ.-ல் அதில் பாதி. தேடுகிற துண்டுச் சாலையில் முப்பது நாற்பதுக்கு மேல் போக வேண்டாம். பின்னால் வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். மெதுவாகப் போய் மற்றவர்களைச் சோதிக்கிறவர் கடைசியில் பின்னால் வருகிறவருக்குப் பயந்து வேகமாக ஓட்டுவார், எதையும் பார்க்க மாட்டார்.

இரண்டு பேர் போனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் ஓட்டட்டும். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், வரைபடத்தில் குறிக்கட்டும். மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர் ஓடும்போது செல்போனைத் தொடக் கூடாது. குரலில் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம்: "பாலம் தாண்டி முதல் வளைவு, இடப்பக்கம், நீலக் கதவு." அது கூட வேண்டாம் என்றால் கிலோமீட்டர் கல்லை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே கேமராவைத் தூக்குவது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

சரி, கண் எதைத் தேட வேண்டும்? பொருளுக்கு முன்பாக வெளிச்சத்தைத் தேடுங்கள். மேகத்தின் இடைவெளியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விழும் வெயில், நிழலான சுவரில் ஒரு கீற்று, பின்னாலிருந்து ஒளி வாங்கும் இலைகள். அடுத்து, ஒரு ஒழுங்கு உடைகிற இடம். ஒரே மாதிரி நிற்கும் மரவரிசையில் ஒன்று சாய்ந்திருக்கும். சாம்பல் கட்டடங்களுக்கு நடுவே ஒன்றுக்கு மட்டும் ரோஜா நிறம் அடித்திருப்பார்கள். அப்புறம், தனிமை: பின்னணியில் ஒன்றுமே இல்லாமல் நிற்கிற எதுவும். காரில் போகும்போது பொருளும் பின்னணியும் ஒன்றையொன்று தாண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நொடி மட்டும் கம்பத்துக்குப் பின்னாலிருந்து மரம் விலகி, வானத்தில் தெளிவாக நிற்கும். அந்த நொடியில் வண்டி எங்கே இருந்தது என்பதைக் கவனித்துக்கொண்டால், இறங்கி நடக்கும்போது நேராக அங்கே போய் நிற்கலாம். நடந்து தேடுகிறவருக்குக் கிடைக்காத வசதி இது.

"ஒரு நொடி திரும்பிப் பார்க்க வைத்ததா?" என்பது ஒன்றே சோதனை. பதில் ஆமாம் என்றால் காரணம் கேட்காமல் வண்டியைத் திருப்புங்கள். இங்கே மனசு ஒரு தந்திரம் செய்யும்: "இன்னும் நல்லது முன்னால் வரும்", "திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்." திரும்பும்போது வெளிச்சம் வேறாக இருக்கும், நிறுத்தியிருந்த சைக்கிள் போயிருக்கும்.

அதே சாலையில் எதிர்த்திசையில் ஒருமுறை வாருங்கள். போகும்போது முதுகுக்குப் பின்னால் இருந்தவை வரும்போது முகத்துக்கு நேரே இருக்கும். வெயில் விழும் பக்கமும் மாறியிருக்கும். புதுச் சாலை தேடி நூறு கிலோமீட்டர் ஓட்டுவதைவிட, இருபது கிலோமீட்டர் சாலையைப் போக வரப் பார்ப்பது அதிகப் படம் தரும் என்பது என் கருத்து.

6. ஓரங்கட்டுவது

வளைவில், மேட்டின் உச்சியில், குறுகிய பாலத்தில், ரயில் கடவை அருகில் நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவர் உங்களைக் குறைந்தது இருநூறு மீட்டர் தள்ளியே பார்க்க முடிய வேண்டும். நான்கு சக்கரமும் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டும். ஆனால் இறங்கும் மண் உறுதியானதா என்று பாருங்கள். மழைக்குப் பின் பச்சையாகத் தெரியும் ஓரத்துக்குக் கீழே சேறு இருக்கலாம். காய்ந்த உயரமான புல்லின் மேலும் நிறுத்தக் கூடாது. காரின் அடியில் உள்ள புகைப்போக்கிப் பகுதி கடும் சூட்டில் இருக்கும், புல் தீப்பிடிக்கும்.

இடம் இல்லையென்றால் தாண்டிப் போய், நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஹசார்டு விளக்கு, ஹேண்ட் பிரேக், சாவி பையில். கண்ணாடியில் பார்த்துவிட்டு, முடிந்தால் போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக இறங்குங்கள். கேமராவில் கண் வைத்தபடியே சாலைக்குள் பின்வாங்குவதுதான் பெரிய ஆபத்து. ஒரே காட்சி முழுதாகப் பிடிக்கவில்லையென்றால் பின்னால் போகாமல் இரண்டு படமாக எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

வேலி, கேட், "அனுமதி இல்லை" பலகை இருந்தால் உள்ளே போக வேண்டாம். ஆள் இருந்தால் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், கூடவே பின்பக்கம் இதைவிட நல்ல இடம் இருக்கிறது என்றும் சொல்வார்கள். ராணுவ இடங்கள், எல்லைச் சாவடிகள், சில நாடுகளில் பாலங்களும் அணைகளும் கூடப் படம் எடுக்கத் தடை உள்ளவை. அதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

7. இறங்கிய பிறகு

காரில் சுற்றி எடுத்த படங்களில் பொதுவாக ஒரு குறை தெரியும். எல்லாம் சாலை ஓரத்திலிருந்து, நின்ற உயரத்திலிருந்து, முன்னால் கொஞ்சம் வெறும் தரையோடு இருக்கும். கதவுக்கு இரண்டடி தள்ளி நின்று எடுத்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

முதல் படத்தை உடனே எடுங்கள். வெளிச்சம் போகலாம், பறவை பறக்கலாம். அது பத்திரமானதும் கேமராவை இறக்கிவிட்டு எது நிறுத்த வைத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறமா, தனிமையா, நிழலின் வடிவமா? "நிழல்" என்று பதில் வந்தால் வானம் எதற்கு, வயல் எதற்கு? அவற்றை வெட்டுங்கள். பெரும்பாலான சாலையோரப் படங்கள் பொருளைவிடச் சுற்றியுள்ளதால்தான் கெட்டுப்போகின்றன.

பிறகு நடங்கள். பக்கவாட்டில் பத்து அடி நகர்ந்தால் தூரத்து மலை அப்படியே இருக்கும், அருகில் உள்ள கம்பமும் வேலியும் இடம் மாறிவிடும். மின்கம்பியை மரத்துக்குப் பின்னால் மறைக்க இவ்வளவுதான் வேண்டும். சாலை மேட்டிலிருந்து கீழே இறங்கினால் தொடுவானம் தாழ்ந்து, பொருள் வானத்தை முட்டும். அதே மேட்டில் நின்று கீழே பார்த்தால் வயலின் கோடுகள் தெரியும். தூரத்திலிருந்து 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பின்னால் உள்ள மலை பெரிதாகி வீட்டின்மேல் சாயும். அருகில் போய் 24-ல் எடுத்தால் வீடு பெரிதாகி மலை காணாமல் போகும். நாம் இறங்கிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கும். அதாவது, பெரும்பாலும் இரண்டுக்கும் உதவாத இடம்.

முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். கட்டடத்தின் முன்பக்கம் பார்வைக்காகக் கட்டியது. பின்பக்கத்தில்தான் ஆட்கள் வாழ்ந்த தடம் இருக்கும். கிளம்பும் முன் ஒருமுறை திரும்பி நின்று, இத்தனை நேரம் முதுகு காட்டிக்கொண்டிருந்த பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

8. காரிலிருந்தே எடுக்க வேண்டிய நேரங்கள்

இறங்கவே கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு: பறவைகளும் விலங்குகளும். மனித உருவத்தைக் கண்டால் ஓடுகிற பல உயிர்கள், நின்ற காரைப் பொருட்படுத்துவதில்லை. கதவு திறந்ததுமே பறந்துவிடும். கொஞ்சம் தள்ளியே இன்ஜினை அணைத்து, உருளவிட்டு, கண்ணாடியை முன்பே இறக்கி வையுங்கள். இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் துணிப்பையை வைத்து அதன்மேல் நீண்ட லென்ஸைச் சாய்த்தால் முக்காலி போல அசையாமல் நிற்கும். இன்ஜின் ஓடினால் அதிர்வு லென்ஸுக்குப் போகும். குளிர்நாளில் காருக்குள் ஹீட்டர் ஓடியிருந்தால், ஜன்னல் வழியாக வெளியேறும் சூடான காற்று படத்தை அலையடிக்க வைக்கும். எல்லாம் சரியாக இருந்தும் கூர்மை வரவில்லையென்றால் இதைச் சந்தேகியுங்கள். பானட்டுக்கு மேலாக எடுத்தாலும் இதே கதைதான்.

ஓடும் காரில் பக்கத்து இருக்கையிலிருந்து எடுக்கும்போது தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 60 கி.மீ. வேகத்தில், 50 மி.மீ. லென்ஸில், 1/1000 நொடியில், அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள வீடு சென்சாரில் ஒரு பிக்சல் அளவுகூட நகராது. பத்து மீட்டரில் உள்ள வேலி பத்துப் பதினைந்து பிக்சல் இழுபடும். எனவே தூரத்துக் காட்சிக்கு 1/1000 தாராளம். அருகில் உள்ளதை உறைய வைக்க முயலாதீர்கள். வேண்டுமென்றே 1/30-க்கு இறக்கினால் வேலி கோடுகளாக ஓடும், பின்னால் மலை நிற்கும். அதுவும் ஒரு படம்தான்.

மூடிய கண்ணாடி வழியாக எடுப்பதாக இருந்தால் லென்ஸை ஏறக்குறைய ஒட்டி வையுங்கள், ஆனால் அழுத்தாதீர்கள். கறுப்புச் சட்டை போட்டிருந்தால் பிரதிபலிப்பு குறையும். பக்க ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கும்போது லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) வேண்டாம். உறுதியேற்றிய கண்ணாடியில் உள்ள இறுக்கம் வானவில் திட்டுகளாகப் படத்தில் தெரியும்.

காரையே சட்டமாக்குவது தனிக் கலை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லீ ஃப்ரீட்லாண்டர் வாடகைக் கார்களில் அமெரிக்காவைச் சுற்றி, ஜன்னல் தூண்களும் ஸ்டியரிங்கும் பக்கக் கண்ணாடியும் காட்சியை வெட்டித் துண்டாக்கும்படியே ஒரு பெரிய தொகுப்பை எடுத்தார். பக்கக் கண்ணாடியில் பின்னால் உள்ள சாலையும் அதைச் சுற்றி முன்னால் உள்ள சாலையும் ஒரே படத்தில் வரும். நின்ற காரில் இதை நிதானமாகப் பழகலாம்.

9. மழை, மூடுபனி, இரவு

வானிலை கெட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். கூரையோடு நகர்கிறவருக்கு மழை அனுகூலம். மழை விட்ட அரைமணி நேரத்தில் தூசு அடங்கி, நிறங்கள் அடர்ந்து, சாலையில் வானம் தெரியும். மழையின் விளிம்பைத் துரத்துங்கள்: ஒரு பக்கம் கருமேகம், மறுபக்கம் வெயில். முற்பகலுக்கு முன்போ பிற்பகலுக்குப் பின்போ, சூரியன் முதுகில் இருக்க, எதிரே மழை பெய்தால் வானவில்லை எதிர்பார்க்கலாம். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது.

முன்கண்ணாடியில் துளிகளும் ஒரு பொருள்தான். துளியில் ஃபோகஸ் வைத்து வெளி விளக்குகளைக் கலங்க விடலாம், அல்லது துளிகளைக் கலங்க விட்டு வெளியே பார்க்கலாம். வைப்பர் போட்ட உடனே ஒரு படம், அப்புறம் துளிகள் சேர்வதற்காகக் காத்திருந்து இன்னொன்று.

மூடுபனி தெளிவான, காற்றில்லாத இரவுக்குப் பின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் தேங்கும். பனிக்கு மேலே ஏறும் சாலையைத் தேர்ந்துகொண்டால் பனியையே கீழே பார்க்கலாம். உள்ளே ஓட்ட வேண்டியிருந்தால் படத்தை மறந்து ஓட்டுங்கள்.

இரவில் முக்காலி கட்டாயம். வளைவுச் சாலையை மேலிருந்து பார்க்கும் இடத்தில் 10 முதல் 30 நொடி திறந்து வைத்தால் வண்டிகளின் விளக்குகள் கோடாகும். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும். ஒவ்வொரு நாளும் சராசரியாக ஐம்பது நிமிஷம் தாமதமாகும். அதனால் முழுநிலவுக்கு முந்தைய மாலையில்தான் நிலத்தில் வெளிச்சம் இருக்கும்போதே நிலா தொடுவானத்துக்கு மேல் நிற்கும். அடுத்த நாள் நிலா வருவதற்குள் நிலம் இருட்டிவிடும்.

10. குறிப்புகளைப் பராமரிப்பது

அன்று இரவே, தூங்கும் முன், வரைபடத்தில் குறித்த இடங்களைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று விஷயம் போதும்: என்ன இருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது, எங்கே நிறுத்தலாம். "அழகான மரம்" என்று மட்டும் எழுதிய புள்ளி ஒரு மாதம் கழித்து உதவாது. "மரம், மேற்கு வானம், எதிரே மண்பாதை முகப்பில் நிறுத்தலாம், அறுவடைக்குப் பின் வரவும்" என்று இருந்தால் உதவும். எடுத்தாகிவிட்டது, இன்னொருமுறை வர வேண்டும், தேவையில்லை என்று மூன்று நிறம் வைத்துக்கொள்ளலாம். செல்போனில் ஒரு சாதாரணப் படமும் எடுத்துவைத்தால் இடக்குறிப்பு அதிலேயே பதிந்துவிடும். இடத்தைப் பதிவு செய்யும் வசதி இல்லாத கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதுவே எளிய வழி.

இணையத்தில் பகிரும்போது யோசியுங்கள். கூடு கட்டியிருக்கும் பறவையின் இடத்தையோ, ஒருவர் நம்பி உள்ளே விட்ட வளாகத்தையோ துல்லியமாகக் குறிக்க வேண்டாம். படத்திலிருந்து இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

சில மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைக் கழியுங்கள். இரண்டு முறை அந்த வழியாகப் போயும் நிறுத்தத் தோன்றாத புள்ளியை அழித்துவிடலாம். மிச்சம் உள்ளவற்றில் ஒரே திசையில் இருப்பவற்றைக் கோத்தால் அடுத்த பயணத்தின் பாதை தயார்.